சம்மதந்தானே, கண்ணு?

ஜூலை 17, புதன்

கண் சொட்டு மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளாக மிக்ஸி ஆடாமல் இருக்க அதன் அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுத்தேன். மிக்ஸி ஆடுகிறது, அம்மா கத்துகிறாள்.

போன வாரம் பூபதி என்று ஒருவன் வீட்டாரோடு என்னைப் பெண் பார்க்க வந்தான். பம்பு கம்பெனியில் டெஸ்டிங் செக்ஷன். காபி குடித்தான், ஜன்னலைப் பார்த்தான், போனான். அவர்கள் வண்டி தெரு திரும்புவதற்குள் அம்மா அடுக்களைக்கு வந்து "என்ன கண்ணு, சரிதானே?" என்றாள். "யோசிக்கிறேன்" என்றேன். அது கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது "யோசிச்சுச் சரின்னுட்டா" என்று ஆகியிருந்தது. பெரியப்பா போனில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னபோது "நொம்பப் புடிச்சிருக்குதாமா" ஆகிவிட்டது. ஆக, கோகிலவாணிக்கு நொம்பப் பிடித்துவிட்டது. கோகிலவாணி என்பது நான். வயது இருபத்தொன்பது. கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிற வேலை.

இன்று ஆடி ஒன்று. ஆடியில் நல்ல காரியம் கிடையாது. ஆவணி பிறந்ததும் பூ வைப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா வந்து என் தலையில் பூவை வைத்துவிட்டால், எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதுவரை ரெண்டு பேரும் பேசிப் பழகட்டும் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் இதை டேட்டிங் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ஆடி மாசம்.

ஜூலை 21, ஞாயிறு

பேக்கரியில் சந்திப்பு. கோயமுத்தூரில் காதலிப்பதற்கு வேறு இடம் இல்லை.

பூபதி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறான். "இங்க உக்காந்துக்கலாமுங்களா?" "டீ சொல்லட்டுங்களா?" "பப்ஸ் சாப்புடுவீங்களா, இல்ல வேற எதாச்சும் சொல்லட்டுங்களா?" மூச்சு விடுவதற்கும் கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். பம்பைக்கூட இப்படித்தான் கேட்டுக் கேட்டு ஓடவிடுவான் போல.

திடீரென்று போனை எடுத்து என் பக்கம் தூக்கினான். என் கை தட்டியதில் டீ முழுக்க மேஜையில். "போட்டோ எடுக்கட்டுங்களான்னு கேக்கத்தான் எடுத்தனுங்க" என்றான். "வேண்டாம்" என்றேன். "சரிங்க" என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சட்டையில் தெறித்த டீயைத் துடைத்தான். ஏன் என்று கேட்கவே இல்லை. அழுத்தக்காரன்.

எனக்குப் போட்டோ ஒத்துக்கொள்ளாது. மூக்கு பெரியதாக விழும். வேறொன்றுமில்லை.

ஜூலை 24, புதன்

இன்று ஒரு பெரியவர். சோதனைக் கண்ணாடியில் லென்ஸே போடாமல், வெறும் பிரேமை மாட்டிவிட்டு "இப்பத் தெளிவா இருக்குதுங்களா?" என்றேன். "நல்லாத் தெரியுதுங்க" என்றார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எல்லோரும் சரி என்றுவிடுகிறார்கள். நம் மனம் நோகக் கூடாதாம். அதனால் முதலில் சொல்கிற சரியை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. வேறு லென்ஸ் மாற்றுவதுபோலக் கையை ஆட்டிவிட்டு அதையே வைத்து மறுபடி கேட்பேன்.

சம்பளம் குறைவுதான். ஆனால் வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதையை நோயாளிகளுக்குக் கொடுக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

மருதமலைக்குப் போனோம். நாளை கிருத்திகை, படியெல்லாம் காவடி. ரெஜினா சொல்லிக் கொடுத்த கேள்வியை அங்கேதான் கேட்டேன். ரெஜினா என் ஹாஸ்டல் அறைத்தோழி, இப்போது என்னோடு அதே ஆஸ்பத்திரியில். "சம்பளம், சமையல், மாமியாரு எல்லாம் அப்புறம் கேளு. மொதல்ல இதைக் கேளு. பதில்ல ஆளே தெரிஞ்சுரும்" என்று சொல்லியிருந்தாள். முருகனுக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டான் என்பது என் கணக்கு.

மண்டபத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தோம். "நீங்க அந்த மாதிரிப் படமெல்லாம் பாப்பீங்களா?" என்றேன்.

"எந்த மாதிரிங்க?"

"பம்பு விளம்பரம் இல்லைங்க."

பொரி புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்தில் இருந்த காவடிக்காரர் அவன் தலையில் தட்டும்படி ஆகிவிட்டது. எல்லாம் அடங்கிய பிறகு, காவடிக்காரர் போகும்வரை காத்திருந்து, "பாப்பனுங்க" என்றான். பொரிப் பொட்டலத்தை மடித்துவிட்டு, "நீங்க?"

"சேச்சே!" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. சமீபத்தில் ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் முருகனுக்கு முன்னால் யார் பொய் சொல்லக் கூடாது என்று கணக்குப் போட்டேனோ, அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிட்டான்.

ஜூலை 29, திங்கள்

ரெஜினாவின் தீர்ப்பு: "பாக்கறேன்னு ஒத்துக்கிட்டானா? கட்டிக்கோ. எங்க வீட்டு ஆளு பாக்கவே மாட்டேன்னு பைபிள்மேல சத்தியம் பண்ணுச்சு. இப்ப டிவி ரிமோட் மாதிரி போனை ஒளிச்சு வெச்சுக்குது."

மிக்ஸிக்கு அடியில் பழைய பஞ்சாங்கத்தைச் செருகினேன். ஆட்டம் நின்றது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. வீட்டில் வெங்காயம் இல்லாத சாம்பார். அதைத் தின்றுவிட்டு பேக்கரிக்குப் போனேன்.

மருதமலையில் உண்மை சொன்னதில் பூபதிக்குத் தெம்பு வந்துவிட்டது. கேட்காமலேயே மேலும் சொல்ல ஆரம்பித்தான். காலேஜ் சிநேகிதர்கள் வாட்ஸாப் குரூப் ஒன்று இருக்கிறதாம். அதில் வருவதைத்தான் பெரும்பாலும் பார்ப்பானாம். வெளிநாட்டுப் படம் அவனுக்குப் பிடிக்காதாம், எல்லாம் நடிப்பாம்.

"இதெல்லாம் நம்ம ஊரு ஆளுங்க. லாட்ஜ்ல, ரூம்ல எடுத்தது. நெசமானதுங்க" என்றான். ரசாயனம் போடாத கத்தரிக்காயைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எதுங்க?"

"கேமரா இருக்கறது."

"அது எப்படிங்க தெரியும்? தெரிஞ்சா எடுக்க விடுவாங்..."

அதற்குமேல் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மனிதனின் முகத்தை நான் இன்றுதான் பார்த்தேன். பார்த்து ரசிக்கிற நிலையில் நான் இல்லை. எழுந்து வெளியே வந்து, எந்த பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, உக்கடத்தில் போய் இறங்கினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தலைவலி. லீவு. அம்மா சுக்குக் கஷாயம் வைத்தாள். அவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லீவு. கஷாயம். பாத்ரூம் ஜன்னலில் இருந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். பல்லி வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பூபதியிடமிருந்து செய்தி. அப்படியே எழுதுகிறேன்: "நீங்க கேட்டதை குரூப்ல கேட்டனுங்க. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமான்னு. சிரிச்சாங்க. இனிமே இத அனுப்பாதீங்கன்னு சொன்னனுங்க. சாமியாருன்னு சொல்லி என்னைத் தூக்கிட்டாங்க. போன்ல இருந்ததை அழிச்சுட்டனுங்க. இதனால ஒண்ணும் சரியாகாதுன்னு தெரியுமுங்க. பதில் போட வேண்டாமுங்க."

பதக்கம் எதிர்பார்க்கிறான் என்று முதலில் கோபம் வந்தது. மறுபடி படித்தேன். எதிர்பார்க்கவில்லை. அது இன்னும் கோபமாக வந்தது. திட்டுவதற்கு வசதியாக ஒரு வாக்கியமாவது எழுதியிருக்கலாம்.

பதில் போட்டேன்: "ஞாயித்துக்கிழமை பேக்கரி."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். போனைக் கொண்டுவரவில்லையாம். வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டானாம். "எதுக்கு?" என்றேன். "அன்னைக்கு டீ கொட்டுச்சுல்லங்க. மூக்குக்காக அப்படிக் கொட்டாதுங்க" என்றான். மூக்கு விஷயம் நான் இவனிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன். உளறுவாய்.

"நீங்க கேட்டதை நான் இத்தனை வருசத்துல ஒருக்கா கூட நெனச்சதில்லைங்க. அந்தப் பொண்ணு ஒரு ஆளுன்னே தோணல. எனக்கே அசிங்கமா இருக்குதுங்க. வேண்டாமுன்னா இப்பவே சொல்லீருங்க. காரணத்தை எம்மேல போட்டுக்கறேன்."

அவனிடம் சொல்லிவிட்டேன். சென்னையில் படித்தபோது ஒருவன். ஒரு போன். அவ்வளவுதான். பூபதியிடம் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

பூபதி அழாதீங்க என்று சொல்லவில்லை. யார் அவன், எங்கே இருக்கிறான் என்று மீசையை முறுக்கவில்லை. அதைப் பார்த்தார்களா, எத்தனை பேர் என்று கேட்கவில்லை. "இப்ப நான் என்ன பண்ணட்டுங்க?" என்றுதான் கேட்டான்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். டீ சொல்லுங்க."

டீ வந்தது. மனசு லேசானதில் வாய் திறந்துகொண்டது. "மருதமலைல சேச்சேன்னு சொன்னனே, அது பொய்யிங்க. நானும் பாப்பேன்" என்றேன். இந்தத் தடவை புரையேறவில்லை. ரெஜினாவின் லேப்டாப்பில் ஹாஸ்டலே உட்கார்ந்து பார்த்த கதையைச் சொன்னேன். குழாய் ரிப்பேர் பண்ண ஒருவன் வருவான், கடைசிவரைக்கும் குழாய் ரிப்பேரே ஆகாது, அதுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது என்றேன்.

"அது நானும் பாத்தனுங்க. அவன் வெச்சிருக்கற ஸ்பேனரே அந்த நட்டுக்குச் சேராதுங்க" என்றான்.

சிரித்ததில் பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் உருப்படியாகவும் பேசினோம். நடிக்கிறவர்கள் மட்டும் மனசு ஒப்பி நடிக்கிறார்கள் என்று யார் கண்டது என்றான். தெரியாதுதான் என்றேன். தெரியாத இடத்தில் சந்தேகப்படலாம், தெரிந்த இடத்தில் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வந்த ஞானம் என்றேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அப்புறம் கல்யாணமானவர்கள் ஒருவரையொருவர் சம்மதம் கேட்பார்களா என்று கேட்டான். எங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்பு போதுமா என்றுகூட யாரும் கேட்பதில்லை என்றேன்.

கிளம்பும்போது, "கையப் புடிச்சுக்கலாமுங்களா?" என்றான்.

"சரிங்க" என்றேன். பிடித்தான். அப்போதுதான் உறைத்தது. அது என் பதில் இல்லை, வாயில் ஊறிப்போன மரியாதை. ஆஸ்பத்திரியில் எவர் சொன்ன முதல் சரியையும் நம்பாதவள், என்னுடையதை மட்டும் அப்படியே நம்பிக் கையைக் கொடுத்துவிட்டேன்.

"இல்லைங்க. இன்னிக்கு வேண்டாம்" என்றேன்.

"சரிங்க" என்று விட்டுவிட்டான். முகம் சுருங்கவில்லை. பப்ஸ் மீதி இருந்தது, அதைத் தின்றான்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போது, அவன் பிடித்த கையைக் கழுவாமல் விட்டேன். அதில் பப்ஸ் எண்ணெய் இருந்தது. நாளைக்குத் துணி துவைக்கும்போது போய்விடும்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. அடுத்த வெள்ளி பூ வைப்பதென்று காலையிலேயே போனில் முடிவாகிவிட்டது. "என்னைக் கேக்கவே இல்லையேம்மா?" என்றேன்.

"என்னத்தைக் கேக்கறது? ஒரு மாசமா பேக்கரில பேசிப்போட்டீங்கல்ல?"

"யோசிக்கறேன்னு சொன்னனே."

"யோசி. யோசிச்சுட்டே சேலை எடு. கடைக்கு நேரமாச்சு."

எனக்கு அவனைப் பிடிக்கவில்லையா? பிடிக்கிறதா? இரண்டு கேள்விக்கும் நடுவே மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நானே நம்ப வேண்டும்.

கூடம் நிறைய ஒரம்பரை, இரண்டு பக்கத்துச் சொந்தமும். பாயில் நான். எதிரே பூபதி, பக்கத்தில் அவன் அம்மா, கையில் மல்லிகைச் சரம். பெரியப்பா தொண்டையைச் செருமி, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "சம்மதந்தானே, கண்ணு?" கேட்டுக்கொண்டே பூபதியின் அம்மாவுக்கு ஆகட்டும் என்று கையைக் காட்டிவிட்டார். சரம் என் தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எதிரே சித்தி பெண்கள், அத்தை பையன்கள், அவர்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அத்தனை கேமராவும் என்மேல்.

உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது.

"வேண்டாமுங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டது எதுவென்று புரியவில்லை. மறுபடி சொன்னேன். "வேண்டாமுங்க. இன்னிக்கு வேண்டாம்."

சரம் அந்தரத்தில் நின்றது. பெரியப்பா, "வெக்கப்படுது" என்று சிரித்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அத்தை, "அடியே, கெரகம், என்ன சொல்றே?" என்றாள். ஒருவரும் போனைக் கீழே வைக்கவில்லை. கல்யாணத்தைவிட இது நல்ல வீடியோ அல்லவா?

பூபதி எழுந்தான். எழுந்த வேகத்தில் வேட்டி பாதி நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முன்வரிசையைச் சுட்டி, "மொதல்ல எல்லாரும் போனைக் கீழ வைங்க. எடுத்ததை அழிங்க" என்றான். அவன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது. போன்கள் இறங்கின.

"அவங்க வேண்டாமுன்னுட்டாங்க. எந்திரிங்கம்மா, போலாம்."

"ஏண்டா, காரணம் கேக்க வேண்டாமா?" என்றாள் அவன் அம்மா.

"வேண்டாமுன்னா வேண்டாந்தானுங்க. காரணம் எதுக்குங்க?"

பெரியப்பா சண்டைக்குத் தயாராக மேல்துண்டை உதறினார். அவர்கள் பக்கத்துப் பெரியவரும் உதறினார். பூபதி நடுவில் புகுந்து இரண்டு துண்டையும் வாங்கி மடித்துக் கொடுத்தான். போகும்போது என்னைப் பார்த்து, "வர்றனுங்க" என்றான். கோபம் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. என் தொழிலில் அதை நான் கவனிக்காமல் இருக்க முடியாது.

கேசரி அண்டா நிறைய மீந்துவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

அம்மா பேசவில்லை. ஆனால் மூன்று வேளையும் கேசரி வைத்தாள். அதுதான் தண்டனை போல.

சாயங்காலம் துணி மடிக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "மானத்தை வாங்கிட்டயே. என்னையெல்லாம் யாருடி கேட்டா? கேட்டுட்டா கட்டிவெச்சாங்க?"

"கேட்டிருந்தா?"

ஒரு போர்வையை மடித்து அடுக்கினாள். "உங்கப்பனையேதான் கட்டியிருப்பேன்" என்றாள். அப்புறம் அடுத்த போர்வையை எடுத்துக்கொண்டு, "ஆனாக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

நான் அந்தப் பக்கம் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எதையாவது எழுதி ஓட்டிவிடுவேன். எனக்குப் பூபதி வேண்டும். நேற்றைக்கு முன்தினம் அவன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அது தெரிந்தது. வேண்டாம் என்றதை இப்படி வாங்கிக்கொள்கிற ஒருவனிடம்தான் எனக்குச் சரி என்று சொல்ல வருகிறது.

நானே கூப்பிட்டேன். வந்தான். டீ சொன்னேன், பப்ஸ் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், "என்னைக் கட்டிக்கறீங்களா?" என்று மட்டும் வந்தது.

பூபதி டீயைக் கீழே வைத்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ரெண்டு நாள் குடுங்க. யோசிச்சுச் சொல்றனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "என்னங்க யோசிக்கறதுக்கு? போன வெள்ளிக்கிழமை பூ வெக்க வந்தவருதானே?"

"வந்தனுங்க. கூட்டிட்டு வந்தாங்க, வந்தேன். பொண்ணு புடிச்சிருக்குதான்னு எங்க வீட்ல கேட்டாங்க. கல்யாணம் பண்ணிக்கறயான்னு கேக்கலைங்க. அது என்கிட்ட யாருமே இதுவரைக்கும் கேக்கலைங்க. மொதல் தடவையா நீங்க கேக்கறீங்க." பப்ஸைப் பிய்த்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தான். "எடுத்தவுடனே சரின்னு சொன்னா, அது மரியாதைக்குச் சொன்ன மாதிரி ஆயிருமுங்க. உங்களுக்கு அப்படிச் சொல்லக் கூடாதுன்னு பாக்கறேன்."

நியாயமான பேச்சைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

"சரிங்க" என்றேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வேலையில் ஒருவருக்கு இடது கண்ணுக்குப் பார்க்க வேண்டியதை வலது கண்ணுக்கே இரண்டு தடவை பார்த்தேன். ரெஜினா போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பையிலேயே கண்ணாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்து போனைக் குக்கருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடி அதையே பாத்துட்டு உக்காந்திருக்கே?"

"நான் அவரைக் கேட்டிருக்கேன்மா. கட்டிக்கறீங்களான்னு."

கீரை நின்றது. "நீயா?"

"நான்தான். யோசிச்சுச் சொல்றேன்னிருக்காரு."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். திட்டினாலும் தாங்கியிருப்பேன். கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

"வேண்டாமுன்னுட்டா?"

"சரிங்கன்னு சொல்லணும்."

"சொல்லிருவயா?"

"சொல்லிருவேன்மா. சொல்லிட்டு அழுவேன்."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.